இலந்தை வத்தலும் எங்கள் மதினியும்

சிக்கலுக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவே ஓடும் மினி பஸ்ஸில் பத்தொன்பது வருடமாக நான் கண்டக்டர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பஸ்ஸில் ஏறாத ஆளே கிடையாது, ஒரே ஒருத்தரைத் தவிர. அவர் என் அண்ணன் மாரிச்செல்வத்தின் மனைவி சண்முகவள்ளி மதினி. இத்தனைக்கும் வீடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. காலையில் வாசல் தெளித்துக்கொண்டே எனக்குக் கை காட்டுவார். புதிதாக வரும் டிரைவர்கள் ஆள் ஏறப்போகிறது என்று நினைத்து பிரேக் போடுவார்கள். அது போய்வா என்று காட்டுகிற கை என்று நான்தான் விளக்க வேண்டியிருக்கும்.

மதினிக்குப் பஸ் ஆகாது. டீசல் வாசம் மூக்கில் பட்டாலே முகம் வெளுத்துவிடும். மூன்றாவது நிறுத்தத்துக்குள் வாந்தி வந்துவிடும். சின்னப் பிள்ளையிலிருந்தே இப்படித்தானாம். கார் இன்னும் மோசம். ஒரு முறை அண்ணன் வாடகைக் கார் பிடித்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு ராணி மாதிரி உட்கார வைத்தார். ஊருணிக் கரை தாண்டவில்லை. கதவைத் திறந்து இறங்கிய மதினி, சீட்டைத் துடைக்கச் சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கப்பட்டு வந்தது பக்கத்து ஊரிலிருந்து, அதுவும் நடந்து. அவருடைய உலகம் என்பது வயல், கண்மாய், கோயில், ரேஷன் கடை. அதற்காக அவர் குறைப்பட்டுக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க எங்கள் ஊரே நம்பியிருப்பது இந்த மதினியின் கைப்பக்குவத்தைத்தான்.

தை மாதம் கண்மாய்க்கரை முள்ளில் இலந்தை பழுக்கும். மார்க்கெட்டில் ஆப்பிள் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தச் சீமை இலந்தை அல்ல. இது நாட்டு இலந்தை. நகத்தளவுதான் இருக்கும், புளிப்பு தூக்கலாக இருக்கும். மதினி காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து, புழு விழுந்ததை ஒதுக்கி, கழுவி, மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் பரப்புவார். நாலைந்து நாளில் தோல் சுருங்கி, கருஞ்சிவப்பாகி, கையில் அள்ளினால் சலசலக்கும். அதுதான் இலந்தை வத்தல். அதில் பாதியை அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடுவார். மீதியை உரலில் போட்டு உப்பு, கொஞ்சம் புளி, வெல்லம், மிளகாய், பெருங்காயம் சேர்த்துக் கொட்டையோடு இடித்து, தட்டி, மறுபடி வெயிலில் காயவைப்பார். அதற்கு இலந்தை வடை என்று பெயர். வடை என்றதும் எண்ணெய்ச் சட்டியைத் தேட வேண்டாம். இந்த வடைக்கு வெயில்தான் அடுப்பு.

பத்தொன்பது வருடம் பஸ்ஸில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிறவர்கள் நாறடித்த அளவுக்கு, இலந்தை வடையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வருகிறவர்கள் என் பஸ்ஸை நாறடித்ததில்லை. மென்று விழுங்கக் கூடாது. ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். புளிப்பும் உறைப்புமாக எச்சில் ஊறிக்கொண்டே இருக்க, குமட்டல் தொண்டையிலேயே நின்றுவிடும். மசக்கைக்காரிகள் இதைக் கேட்டு மதினி வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். காய்ச்சல் வந்து வாய் கசந்து கிடப்பவர்களுக்குக் கஞ்சியோடு இதுதான் தொட்டுக்கொள்ள. வத்தலை ஊறவைத்துப் பிசைந்து, புளிக்குப் பதிலாக ரசத்தில் விடுவார் மதினி. மலச்சிக்கல்காரர்களுக்கு அந்த ஊறல் தண்ணீரையே குடிக்கக் கொடுப்பார். ராத்திரி தூக்கம் வராத என் மாமனார், பத்து வத்தலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் படுப்பார். தூங்குகிறாரா என்று என் மாமியாரைக் கேட்டால், குறட்டைச் சத்தத்தில் தனக்குத்தான் தூக்கமில்லை என்கிறார்.

எங்கள் பஸ்ஸில் வரும் சித்த மருத்துவர் அம்மா ஒருவர் ஒரு நாள் மதினி வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினார். பழத்தில் நார்ச்சத்து இருக்கிறது, வயிற்றுக்கு நல்லது, புளிப்பு பசியைத் தூண்டும், தூக்கத்துக்குக் கொடுப்பது பழைய வழக்கம்தான், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். காயும்போது சில சத்து குறைந்துபோகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். சர்க்கரை உள்ளவர்களுக்கு வெல்லம் ஆகாது, பிரஷர் உள்ளவர்களுக்கு உப்பு ஆகாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். மறு வாரமே மதினி மூன்று விதமாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். வட்டமாக இருந்தால் எல்லோருக்கும். நீளமாக இருந்தால் வெல்லம் போடாதது. பொட்டு மாதிரி சின்னதாக இருந்தால் உப்பு குறைத்தது. எங்கள் ஊரில் ஒருவர் மடியில் இருக்கும் வடையைப் பார்த்தே அவருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடலாம்.

"நீங்களும் ஒண்ண வாயில போட்டுக்கிட்டு ஏறித்தான் பாருங்களேன் மதினி" என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"ஊருக்கெல்லாம் கேக்கும் கொழுந்தனாரே, எனக்குக் கேக்காது" என்பார். ஒரு முறைகூடப் போட்டுப் பார்த்தவரில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு. அவருக்கு வாந்தியைவிட, நாலு பேர் பார்க்க வாந்தி எடுப்பதுதான் பயம் என்பது என் கணிப்பு.

இரண்டு வருடம் முன்னால் அண்ணன் மகள் மதுமதிக்கு இராமேஸ்வரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வசந்தகுமார் தங்கமான பையன். அவன் அம்மா நாகஜோதி, கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் யாத்திரை வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் நடத்துகிறார். கணவர் இல்லாமல் தனியாளாக நின்று நடத்துகிற கெட்டிக்காரி. கல்யாணம் பக்கத்திலேயே சிக்கலில் நடந்தது, அதனால் பிரச்சினை இல்லை. மறுவீட்டு விருந்துக்கு இராமேஸ்வரம் போக வேண்டும். அண்ணனும் நானும்தான் போனோம்.

"சம்மந்தி வரலையா?" என்று நாகஜோதி கேட்டார்.

எனக்கு உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் முந்திக்கொண்டார். பெண்டாட்டிக்கு வாந்தி என்று சம்மந்தி வீட்டில் சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "களத்துல வத்தல் காயுது. ஆள் இல்லாட்டி ஆகாது" என்றார். எங்கள் பக்கத்தில் வத்தல் என்று மொட்டையாகச் சொன்னால் அது மிளகாய் வத்தல்தான். வேறு எதுவாக இருந்தாலும் முன்னால் ஒரு பெயர் சேர்த்துத்தான் சொல்வோம். நாகஜோதியும் எங்களைப்போல விவசாயக் கிராமத்தில் பிறந்தவர்தான், மிளகாய்க் களத்தின் அருமை தெரிந்தவர். சரி என்று விட்டுவிட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் லாட்ஜுக்கு மேல் மாடி எடுத்துப் பால் காய்ச்சினார்கள். வத்தல் என்றார் அண்ணன். ஆடிக்கு மகளைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி ஆசையாகக் கூப்பிட்டார்கள். அதற்கும் வத்தல் என்றார். ஆடி மாதத்தில் எந்தக் களத்தில் வத்தல் காய்கிறது? செடியே இருக்காது. பொய்யைச் சொல்வதற்குக்கூடப் பருவம் பார்க்க வேண்டாமா? அன்றைக்கு நாகஜோதி அண்ணனிடம் சரி என்று போனை வைத்துவிட்டாராம். மதுமதியிடம் மட்டும், "உங்க வீட்டுல நெலம் நீச்சு உள்ளவுக. லாட்ஜுக்காரி வாசலை மிதிக்க யோசிப்பாக" என்றாராம். மதுமதிக்கு அம்மாவுக்குப் பஸ் ஆகாது என்று தெரியும். சொல்லாதே என்று அப்பா தடுத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். நாகஜோதி போன் போட்டார். அண்ணன் ஸ்பீக்கரில் போட, நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். நான் மறுக்கல. ஆனா தாய் வந்து கூப்பிடணும். சம்மந்தி தன் கையால கட்டுச்சோறு எறக்கி வச்சு, பிள்ளைக்கு வளையல் போட்டாத்தான் அனுப்புவேன். இல்லாட்டி பிரசவம் இங்கனதான்."

அப்புறம் போன் மதுமதி கைக்குப் போனது. "வருவியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"வாரேன்" என்றார் மதினி. சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்படிக்குள் போய்விட்டார். தலைப்பிரசவத்துக்கு மகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் இரண்டு வருடமாகக் காத்திருந்தது எனக்குத் தெரியும். பழைய சேலைகளைத் துவைத்து மடித்து, தொட்டிலுக்கென்று தனியாக எடுத்தும் வைத்துவிட்டார்.

ரயிலில் போகலாமா என்று பார்த்தோம். நல்ல நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் ஒத்துவரவில்லை. அப்புறம் ஒரு வாரம் பயிற்சி நடந்தது. மத்தியானம் வேப்பமரத்தடியில் பஸ் ஓய்வாக நிற்கும்போது மதினி வந்து முன் சீட்டில் உட்காருவார். முதல் நாள் என்ஜினை அணைத்து வைத்திருந்தோம். மூன்றாம் நாள் ஓடவிட்டோம். டிரைவர் ராக்கப்பன் வெளியே நின்று, "அக்கா, தேர்ல சாமி உக்காந்த மாதிரி இருக்கு" என்று கேலி செய்தார். மதினி சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்த கை வேர்த்திருந்தது. நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது, இரண்டு இட்லி போதும். பக்கத்தில் ஓடும் மரத்தைப் பார்க்காமல் தூரத்து ரோட்டைப் பார்க்க வேண்டும். வடையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். வடை செய்கிறவருக்கே வடை தின்னச் சொல்லிக்கொடுத்த பெருமை எனக்கு உண்டு.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை முதல் டிரிப்பில் கிளம்பினோம். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று தூக்குவாளிகள், பழத்தட்டு, வளையல், பூ. மதினி எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் கடைசியாக அண்ணனிடம், "ஆணியில வத்தப் பை தொங்குது பாருங்க. அதை மடியிலயே வச்சுக்கங்க. அதுதான் முக்கியம்" என்றார். அண்ணன் மஞ்சப் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

முதல் நிறுத்தம் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. உத்திரகோசமங்கைக்கு முன்னால் மதினியின் முகம் வெளுத்தது. கண்ணை மூடிக்கொண்டே பின்னால் கையை நீட்டி, "வத்தல்" என்றார். அண்ணன் பையைப் பிரித்துக் கொடுத்தார். மதினி பார்க்காமல் கையை விட்டு அள்ளினார்.

அள்ளிய வேகத்தில் நெடி கிளம்பியது. மதினி தும்மினார், அண்ணன் தும்மினார், பின் சீட்டு வரைக்கும் தும்மல் போனது. ராக்கப்பன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தும்மினார்.

"என்னத்த இது?" என்றார் மதினி, கண்ணில் தண்ணீர் வழிய.

"வத்தல்."

"எந்த வத்தல்?"

"வத்தல்னா வத்தல்தான். அதுல என்ன எந்த வத்தல்?" என்றார் அண்ணன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து எடுத்துக்கொள்ள மதினி தனியாகக் கட்டி வைத்திருந்த புது முண்டு மிளகாய் வத்தல் அது. இலந்தை வத்தலும் வடையும் இருந்த பை அடுத்த ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் மிளகாய் போட்ட மனிதரிடம் வத்தல் என்றால் அவர் வேறு எதை எடுப்பார்?

மதினி எழுந்துவிட்டார். "நான் எறங்குறேன். என்னால ஆகாது" என்றார். படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். இங்கே இறங்கினால் இனி ஒருநாளும் அவர் ஏறப்போவதில்லை.

அப்போது எதிர் சீட்டிலிருந்த பூங்கோதை, இராமநாதபுரத்தில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பெண், கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "இந்தாங்கக்கா. நீங்க போன வாரம் குடுத்ததுதான்." பின்னாலிருந்து இன்னொரு கை நீண்டது, அதில் நீள வடை. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பெரியவர் பொட்டு வடையை எடுத்தார். எல்லாம் மதினி தட்டியவை. மதினி ஒவ்வொரு கையாகப் பார்த்தார். தன் வடை எங்கெல்லாம் போகிறது என்பதை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். வட்ட வடை ஒன்றை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "உப்பு தூக்கலாப் போச்சு" என்றார். வண்டி கிளம்பியது.

வடை மாயமந்திரம் எல்லாம் செய்துவிடவில்லை. இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சுவர் ஓரமாகப் போய் ஒரு முறை வாந்தி எடுத்தார். நாலு பேர் என்ன, நாற்பது பேர் இருந்த இடம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாயைக் கொப்பளித்து முகம் கழுவிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். அடுத்த பஸ்ஸில் அவரே முதலில் ஏறினார். பாம்பன் பாலத்தில் கடல்காற்று அடித்தபோது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, "பெருசாத்தான் இருக்கு" என்று மூடிக்கொண்டார்.

லாட்ஜ் வாசலில் நாகஜோதி ஆரத்தித் தட்டோடு நின்றார். மதினியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது உண்மை. ஆனால் அடுத்த நொடியே அவர் பார்வை அண்ணன் மீது விழுந்தது. அண்ணன் அந்த மஞ்சப் பையை இன்னும் மார்போடு அணைத்திருந்தார். பிரிந்த வாயில் மிளகாய் எட்டிப் பார்த்தது. நாகஜோதிக்கு மூக்கு அரித்திருக்க வேண்டும், தட்டோடு ஒரு தும்மல் போட்டார்.

"இன்னிக்கும் வத்தலை விட்டுட்டு வர மனசு வரலையாக்கும்" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே மனசு நொந்திருந்தது.

அண்ணன், "அது வந்து சம்மந்தி, களத்துல…" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் மதினி. அண்ணனை அவர் அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை. நாகஜோதியைப் பார்த்துச் சொன்னார்: "சம்மந்தி, எனக்குப் பஸ்ஸுல ஏறுனா வாந்தி வரும். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இவுக வத்தல்னு சொல்லிட்டாக. நானும் சரின்னு இருந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல. உங்களை நான் ஒருநாளும் குறைச்சு நெனச்சதில்ல."

நாகஜோதி தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார். "இப்பவும் வந்துச்சா?"

"ராமநாதபுரத்துல ஒருக்க."

"ஆடி மாசத்துல ஏது வத்தல்னு நான் ஏழு மாசமா மண்டைய ஒடைச்சுக்கிட்டேன்" என்று நாகஜோதி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே மதினியின் தோளைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப்போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார். "ராத்திரி பூரா பஸ்ஸுல வந்து எறங்குற சனத்துல பாதிப் பேரு இந்த வாசல்லதான் வாந்தி எடுப்பாக. தண்ணி குடுக்குறதே என் வேலை. இதையா மறைச்சீக?" என்றார். சுக்குத் தண்ணீர் வந்தது. அண்ணன் மிளகாய்ப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நாகஜோதி அதை வாங்கி அடுப்படிக்கு அனுப்பினார்.

கட்டுச்சோறு இறக்கினோம். மதினி தன் கையால் மகளுக்கு வளையல் போட்டார். மதுமதி சந்தோஷமாகத்தான் இருந்தாள், ஆனால் அம்மாவிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலில் நடந்த பேச்சை அவள் உள்ளிருந்து கேட்டிருந்தாள். இரண்டு வருடம் தன் வாயைக் கட்டி வைத்த விஷயம் நாலு வார்த்தையில் முடிந்துபோனது அவளுக்கு ஆறவில்லை. மூன்று மணிக்கு நாகஜோதியே தெருமுனை வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் மதினிக்கு ஜன்னல் ஓரம், பக்கத்தில் மதுமதி. காலையில் பஸ்ஸில் கிடைத்ததில் மிச்சமிருந்த வடை ஒன்று மதினியின் கடைவாயில் இருந்தது. மண்டபம் தாண்டியதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது, கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அம்மாவோடு ஒரே பஸ்ஸில் மதுமதி உட்காருவது இதுதான் முதல் தடவை. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"காலையிலயும் இப்படித்தான் வந்தியாம்மா?"

மதினி தலையை மட்டும் ஆட்டினார்.

"பஸ் ஆகாதுன்னு தெரியும், இம்புட்டுன்னு தெரியாது. நீ வரலைன்னுதான் நான் நெனச்சேன். ரெண்டு வருசமா அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் மதுமதி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "வர முடியலைன்னு நெனைக்கலம்மா."

"அதான் வந்துட்டேன்ல" என்றார் மதினி, வடையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு. "அழுகாத. வயித்துல உள்ளதுக்கு ஆகாது."

கண்ணைத் திறக்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஊர் வரும்வரை அவர் கம்பியைப் பிடிக்கவே இல்லை.